லியான் பிரிட்ஜஸுக்குப் பிறகு யாரைக் கேட்பது? பழைய சோல் சத்தத்தில் இன்று பாடுகிறவர்கள்

இரவுக்குயில் எழுதியது:

அறுபது, எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிய பழைய சோல் பாடல்களை வரிசையாக ஓடவிட்டு வேலை பார்ப்பது என் வழக்கம். சாம் குக், ஓட்டிஸ் ரெடிங், அல் கிரீன் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பெரும்பாலும் பார்ப்பதுகூட இல்லை. சமீபத்தில் அந்த வரிசைக்கு நடுவே 'கமிங் ஹோம்' என்று ஒரு பாட்டு வந்தது. மென்மையான கிட்டார், பின்னால் 'ஊ' என்று இழுக்கும் குரல்கள், அவசரமே இல்லாமல் பாடும் ஒருவர். இது எப்படி இத்தனை நாள் என் காதில் படாமல் போனது என்று ஆண்டைப் பார்த்தால் 2015! பாடுகிறவர் லியான் பிரிட்ஜஸ், பிறந்ததே 1989இல்.

அதே பெயரில் இருக்கும் ஆல்பத்தைத்தான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'லிசா சாயர்' என்று அவர் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர் என்று தொடங்கி ஒரு குடும்பக் கதையை நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கடைசிப் பாட்டு 'ரிவர்' முற்றிலும் வேறு மாதிரி. ஒரு கிட்டார், ஒரு டாம்பரின், குரல்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்.

எனக்குப் புரியாத விஷயம், இது ஏன் இவ்வளவு பழையதாகக் கேட்கிறது? பதிவு செய்த விதமா, பாடுகிற விதமா, இல்லை பாட்டே அப்படி எழுதப்பட்டிருக்கிறதா? அப்புறம், இதே ஆளின் அடுத்த ஆல்பத்தைப் போட்டால் அங்கே வேறு யாரோ பாடுவதுபோல இருக்கிறது, அது ஏன்? இந்தப் பக்கம் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். பெரிய பட்டியல் வேண்டாம், உங்களுக்கு உண்மையிலேயே பிடித்தவர்களை மட்டும்.

வினைல்பித்து:

வாங்க, வாங்க. இந்த வழியாக உள்ளே வந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறோம்.

லியானைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் பழைய சோல் கேட்டு வளர்ந்தவர் இல்லை. டெக்சஸில் ஃபோர்ட் வொர்த்தில் வளர்ந்து, அஷர், ஜினுவைன் மாதிரி சோலுக்கு நெருங்கிய உறவான தொண்ணூறுகளின் ஆர்-அண்ட்-பி இசை கேட்டு, கல்லூரியில் நடனம் படித்தவர். அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்ன அந்தப் பாட்டை எழுதிய பிறகுதான், "சாம் குக் பாதிப்பா?" என்று ஒருவர் கேட்க, அதற்கப்புறம்தான் தேடிப் போய் சாம் குக்கைக் கேட்டார் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். பாட்டு முதலில் வந்தது, முன்னோர் யார் என்பது பிறகு தெரிந்தது.

ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம் என்கிற இரவுகளில் பாடிக்கொண்டிருந்தார். ஒயிட் டெனிம் என்ற ராக் குழுவைச் சேர்ந்த ஆஸ்டின் ஜென்கின்ஸ், ஜோஷுவா பிளாக் இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிளாக்கிடம் பழைய பதிவுக் கருவிகள் நிறைய இருந்தன. ஃபோர்ட் வொர்த்திலேயே ஒரு கிடங்கில் அவற்றை இறக்கி, ஆட்களைக் கூட்டி, பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். பிறகு கொலம்பியா என்ற இசை நிறுவனம் அவரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது, 2015 ஜூனில் ஆல்பம் வந்தது.

அடுத்த ஆல்பம் 'குட் திங்' 2018. அது உங்களுக்கு அந்நியமாகப்படுவதில் ஆச்சரியமில்லை, அவர் வேண்டுமென்றேதான் அறுபதுகளை விட்டு வெளியே வந்தார். ஆனால் அதன் முதல் பாட்டைத் தவறவிடாதீர்கள், வயலின்களும் மேல்ஸ்தாயிக் குரலுமாக எழுபதுகளின் கர்டிஸ் மேஃபீல்டு பக்கம் போகிற பாட்டு. அதற்கு 2019இல் பாரம்பரிய ஆர்-அண்ட்-பி பிரிவில் கிராமி கிடைத்தது, பி.ஜே. மார்ட்டனோடு பகிர்ந்துகொண்டார். 2021இன் 'கோல்டு-டிக்கர்ஸ் சவுண்டு' இன்னும் இரவுநேரத்துக்கான, இன்றைய ஆர்-அண்ட்-பி. 2024இன் 'லியான்' மறுபடி ஊர் ஞாபகம், அக்கூஸ்டிக் கிட்டார். நடுவில் ஹூஸ்டன் குழுவான க்ரோங்பினுடன் செய்த 'டெக்சஸ் சன்' என்ற சின்னத் தொகுப்பு இருக்கிறது, 2020. வரிசையாகப் போகாமல் 'கமிங் ஹோம்' முடிந்ததும் நேராக இதற்குத் தாவுங்கள். பழைய குரல் அப்படியே இருக்கும், சுற்றியிருக்கும் சத்தம் மட்டும் மாறியிருக்கும். அதற்குப் பிறகு 'குட் திங்' போட்டால் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

பேஸ்காரன்:

"ஏன் பழையதாகக் கேட்கிறது" என்பதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டேப், பழைய மைக் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டேப்புக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. சத்தம் அதிகமாகப் போனால் டேப் அதை வெட்டாமல் லேசாக அமுக்கி உருட்டிக் கொடுக்கும். ஆனால் பெரிய காரணம் அறை. டெட்ராய்டில் மோடவுன் என்ற இசை நிறுவனத்தின் ஸ்டுடியோ ஒரு சாதாரண வீட்டில் இருந்தது, எதிரொலி வேண்டுமென்றால் மாடிப் பரணில் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு மைக்கில் பிடித்தார்கள். மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமாக் கொட்டகை, தரை சரிவாகவே இருந்தது. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்ததால் டிரம்ஸ் சத்தம் கிட்டார் மைக்கிலும் விழும், பிராஸ் சத்தம் டிரம்ஸ் மைக்கிலும் விழும். இன்றைய ஸ்டுடியோவில் அப்படி விழாமல் தடுக்கத்தான் அத்தனை ஏற்பாடும். அந்தக் கசிவுதான் எல்லா வாத்தியத்தையும் ஒன்றாக ஒட்டுகிறது.

அடுத்து, திருத்த முடியாத நிலை. ஒலியைத் தனித்தனியாகப் பதியும் தடங்கள் மிகக் குறைவு. மூன்றிலோ நான்கிலோ முழுக் குழுவையும் அடைக்க வேண்டும் என்றால், பிராஸ் எவ்வளவு சத்தம், கோரஸ் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதெல்லாம் வாசிக்கும்போதே முடிவாகிவிடும். பிறகு தனித்தனியாகப் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. இன்று கணினியில் ஒவ்வொரு அடியையும் இழுத்துக் கோட்டில் நிறுத்துகிறோம். அன்றைக்கு கோடே கிடையாது. ஸ்டாக்ஸ் பதிவுகளில் ஸ்னேர் டிரம் அடி ஒரு மயிரிழை தாமதமாக விழும், தெரிந்தே அப்படி வாசித்தார்கள். கேட்கிற உடம்பு அந்தத் தாமதத்தில்தான் ஆடத் தொடங்குகிறது.

இனி என் துறை. மோடவுனில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டையான சுற்றுடைய கம்பி போட்டிருந்தார், அதை மாற்றவே மாட்டார் என்பார்கள், வாசித்ததும் வலது கையில் ஒரே ஒரு விரலால். கம்பி பழசாகப் பழசாக 'கிணிங்' போய் 'தும்' மட்டும் மிஞ்சும். இன்று ரெட்ரோ சோல், அதாவது பழைய பாணியில் புதிதாகச் செய்கிற சோல், வாசிக்கிற பேஸ்காரர்கள் பலரும் அதே மாதிரிக் கம்பி போட்டு, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு பஞ்சுத் துண்டையும் செருகிவிடுவார்கள். சுரம் நீளாது, உடனே இறந்துவிடும். டிரம்ஸிலும் இதே கதை, தோலின் மேல் ஒரு துணியைப் போடுவது, மைக் ஒன்றோ இரண்டோ வைப்பது. நீங்கள் 'பழைய சத்தம்' என்று சொல்வதில் பாதி, வாத்தியங்கள் சீக்கிரம் அடங்கிப்போவதால் நடுவில் கிடைக்கும் காலியிடம்தான் என்பது என் கட்சி.

பாடுகிற விதமும் சேர்ந்ததுதான். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த ஆர்-அண்ட்-பி பாடகர்கள் ஒரு வார்த்தைக்குப் பத்து சுரம் போடுவார்கள். லியான் 'கமிங் ஹோம்' முழுக்க மெட்டை நேராகப் பாடுகிறார், கமகம் ஏதாவது வந்தால் வரியின் கடைசியில் ஒன்று. இத்தனைக்கும் அவர் கேட்டு வளர்ந்தது அந்தத் தொண்ணூறுகளைத்தான்.

குறுக்குசால்:

எல்லோரும் குளிர்ந்துபோய் இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் வெந்நீர் ஊற்றுகிறேன்.

எனக்கு இந்த ரெட்ரோ சோல் விவகாரமே ஒட்டவில்லை. அதே காலத்து உடை, அதே மைக், அதே 'ஊ' கோரஸ். ஓட்டிஸ் ரெடிங் பாடிய காலத்தில் அது பழைய இசை இல்லை ஐயா, அன்றைய தேதியில் கிடைத்த மிகப் புதிய சத்தம்! மோடவுன்காரர்கள் பாட்டை மோனோவில், சின்ன ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று யோசித்துச் செய்ததெல்லாம் அடுத்த வாரம் ஹிட் ஆக வேண்டும் என்பதற்காக. அவர்கள் முன்னால் பார்த்தார்கள், இவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வாத்தியத்துக்கு அடியில் பஞ்சு செருகினால் 1964 வந்துவிடுமா?

அது மட்டுமில்லை. 1963 அக்டோபரில் லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட்டில் வெள்ளையர் மட்டும் தங்கும் விடுதி ஒன்று சாம் குக்கைத் திருப்பி அனுப்பியது, தகராறில் அவரைக் கைதும் செய்தார்கள். சில மாதங்களில் மாற்றம் வரும் என்ற அந்தப் பெரிய பாட்டைப் பதிவு செய்தார், 1964 டிசம்பரில் செத்தும் போனார். அந்தக் குரலில் இருந்த இனிமைக்குப் பின்னால் இது இருந்தது. இன்று அந்த இனிமையை மட்டும் தனியே பிரித்தெடுத்து, காபி குடிக்கும்போது பின்னணியில் ஓடவிட வசதியாகத் தருகிறார்கள். லியான் நன்றாகப் பாடுகிறார், சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கே அலுத்துப்போய்த்தானே இரண்டாவது ஆல்பத்திலேயே வெளியே ஓடினார்?

தூக்கமில்லா:

குறுக்குசால், உங்கள் பேச்சில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியை ஷாரன் ஜோன்ஸ் என்ற பாடகியை வைத்து உடைக்கிறேன்.

1956இல் பிறந்தவர். இளமையில் பாட வாய்ப்புத் தேடிப் போனபோது இசை நிறுவனத்தில் கிடைத்த பதில் மிகக் கறுப்பு, மிகக் குண்டு, மிகக் குள்ளம், வயதும் அதிகம். நியூயார்க்கில் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தார், பணம் கொண்டுபோகும் வண்டிக்குக் காவல் போனார், சர்ச்சிலும் கல்யாணங்களிலும் பாடினார். முதல் ஆல்பம் வரும்போது நாற்பதைத் தாண்டிவிட்டார், அது 2002. இந்தம்மா எந்தக் காலத்தைத் திரும்பிப் பார்க்கிறார், சொல்லுங்கள்? அது அவருடைய காலம்தான். அவருக்குக் கொடுக்காமல் பிடுங்கிக்கொண்ட காலம்.

அவருக்கு இடம் கொடுத்தது டாப்டோன் ரெக்கார்ட்ஸ், கேப்ரியல் ராத்தும் நீல் ஷுகர்மனும் தொடங்கியது. புரூக்ளினில் ஒரு பழைய வீட்டைத் தாங்களே தட்டி, பூசி ஸ்டுடியோ ஆக்கினார்கள், மின்சார இணைப்பு வேலையில் ஷாரனே கைகொடுத்திருக்கிறார். அங்கே இருந்த டாப்-கிங்ஸ் குழுவைத்தான் இசைத் தயாரிப்பாளர் மார்க் ரான்சன் கூப்பிட்டு ஆங்கிலேயப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் வாசிக்க வைத்தார், 2006இல். உலகம் முழுக்க அந்தச் சத்தம் ஓடியது, குழுவின் சொந்தப் பாடகி யார் என்று பலருக்கும் தெரியாது. இரவுக்குயில், 2007இன் '100 டேஸ், 100 நைட்ஸ்' ஆல்பத்தில் தொடங்குங்கள். தலைப்புப் பாட்டில் நடுவே தாளத்தை இழுத்துப் பிடித்து மெதுவாக்குவார்கள், மொத்தக் குழுவும் ஒரே ஆளாக மூச்சை அடக்கும். அதை மெட்ரோனோம் வைத்து யாரும் செய்ய முடியாது.

2013இல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையில் முடி கொட்டிய தலையோடு, விக் வைக்காமல் மேடையேறி ஆடினார். 2016 நவம்பரில் போய்விட்டார்.

அப்புறம் சார்ல்ஸ் பிராட்லி. சமையல்காரராக ஊர் ஊராக அலைந்தவர், பிளாக் வெல்வெட் என்ற பெயரில் ஜேம்ஸ் பிரவுன் வேஷம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். குறுக்குசால் சொல்கிற 'நகல்' என்றால் நிஜமாகவே நகல் எடுத்துக்கொண்டிருந்தவர்! அவருடைய சொந்தப் பாட்டுகளோடு முதல் ஆல்பம் 2011இல் வந்தபோது வயது 62. தன் அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி அதில் ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் காபி குடிக்கும்போது ஓடவிட்டுப் பாருங்கள், காபி உள்ளே இறங்காது. பிளாக் சப்பாத்தின் 'சேஞ்சஸ்' பாட்டை எடுத்து, இறந்துபோன அம்மாவை நினைத்துப் பாடியதும் இவர்தான். மெட்டல் குழு ஒன்றின் பாட்டு அது என்று சொன்னால்கூட நம்பத் தோன்றாது. 2017இல் இவரும் போய்விட்டார்.

குறுக்குசால்:

ஷாரனையும் பிராட்லியையும் நான் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவே இல்லையே. அவர்கள் ரெட்ரோ இல்லை, தாமதமாகக் கவனிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். லீ ஃபீல்ட்ஸும் அப்படித்தான், 1969இலேயே சிங்கிள் போட்டவர். நான் சொன்னது 25 வயதில் தாத்தா சட்டை போடுகிறவர்களை.

வினைல்பித்து:

அப்படியென்றால் 'ரிவர்' பாட்டின் வீடியோவைப் பாருங்கள். 2016இல் வந்தது, எடுத்த இடம் பால்டிமோர். ஃபிரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் பிடியில் இறந்து, நகரமே கொதித்த அடுத்த ஆண்டு. பாட்டு என்னவோ பழைய சர்ச் ஞானஸ்நானப் பாட்டு மாதிரிதான், ஆற்றுக்குக் கூட்டிப்போ என்று கேட்கிறது. ஆனால் அந்தத் தெருக்களோடு சேர்த்துப் பார்க்கும்போது அதைப் பழங்காலம் என்று ஒதுக்க உங்களால் முடியாது. அவர் இரண்டாவது ஆல்பத்தில் வெளியே வந்ததை நான் அலுப்பாகப் பார்க்கவில்லை. இருபதுகளில் இருக்கிறவர் ஒரே சட்டையோடு எத்தனை நாள் நிற்பார்? உங்களைப் போன்றவர்கள் நகல் என்றும், எங்களைப் போன்றவர்கள் ஏன் மாறினாய் என்றும் சேர்ந்து அடித்தோம், பாவம்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன், இளையவர்களில் நான் கைகாட்டுவது ஜேலன் இங்கோண்டா. மேரிலாந்தில் வளர்ந்து லிவர்பூலுக்குப் படிக்கப் போய் இங்கிலாந்திலேயே தங்கியவர், டாப்டோன் வெளியீடாக 2023இல் முதல் ஆல்பம். மார்வின் கே பக்கம் போகிற மெல்லிய மேல்குரல், அதில் அழுத்தமே தெரியாது. சான் டியேகோவின் தீ சேக்ரெட் சோல்ஸ் இன்னும் மெதுவானவர்கள், 2022 ஆல்பம். தெற்குக் கலிஃபோர்னியாவில் பழைய கார்களை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிற மெக்சிகன் அமெரிக்கர்கள் பல தலைமுறையாக இந்த மாதிரி மெல்ல நகரும் சோல் பாட்டுகளை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆகவே அங்கே இது திரும்பி வந்த இசை இல்லை, போகவே இல்லை. குறுக்குசால் இதற்கு என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மைக்கேல் கிவானுகாவை விட்டுவிட்டால் என்னை மன்னிக்க மாட்டார்கள். லண்டன்காரர், 2016இன் 'லவ் அண்ட் ஹேட்' ஆல்பத்தின் முதல் பாட்டு பத்து நிமிடம், குரல் வருவதற்கே பாதி போய்விடும். பொறுமை இருந்தால் கேளுங்கள். பிளாக் பூமாஸ் எல்லோரும் சொல்வார்கள், நல்ல குழுதான், 'கலர்ஸ்' பாட்டைத் தாண்டி எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

இரவுக்குயில்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. '100 டேஸ், 100 நைட்ஸ்' போட்டுவிட்டேன், அந்த மெதுவாகும் இடம் வந்ததும் பாட்டைத் திருப்பி ஓடவிட்டேன். குறுக்குசால், உங்கள் பேச்சு எரிச்சலாக இருந்தாலும் இப்போது சாம் குக்கை வேறு மாதிரிக் கேட்கிறேன் என்பது உண்மை.

பேஸ்காரன், ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன அந்த அடங்கிப்போகும் பேஸ் சத்தம் என் ஃபோன் ஸ்பீக்கரில் சரியாகப் பிடிபடவே இல்லை. ஹெட்ஃபோன் நல்லதாக வாங்கினால்தான் தெரியுமா?

பேஸ்காரன்:

விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை, சாதாரண இயர்ஃபோன் போதும். ஃபோன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது, அதில் டாம்பரினும் குரலும்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், மோடவுனிலும் கார் ரேடியோ அளவு ஸ்பீக்கரில் ஓடவிட்டுத்தான் கலவை சரியா என்று பார்ப்பார்கள், அதனால் அந்தக் காலப் பாட்டுகள் சின்ன ஸ்பீக்கரிலும் உயிரோடு இருக்கும்.

முதலில் பழையதில் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். மார்வின் கேயின் 1971 ஆல்பம் 'வாட்ஸ் கோயிங் ஆன்', அதன் தலைப்புப் பாட்டு. முதல் தடவை குரலை மறந்துவிட்டு அடியில் நடக்கிற பேஸை மட்டும் பின்தொடருங்கள், அது ஜேமர்சன். அது காதில் உட்கார்ந்தபிறகு டுராண்ட் ஜோன்ஸ் அண்ட் தி இண்டிகேஷன்ஸ் போடுங்கள், இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்ந்த பையன்கள், பாட்டு எழுதும் டிரம்மர் ஆரன் ஃபிரேசரே பாதிப் பாட்டில் மேல்குரலில் பாடுவார். அவர் தனியாகப் போட்ட ஆல்பங்களும் உண்டு, ஆனால் எனக்கு அந்தக் குழுவோடு இருக்கும்போதுதான் அவரைப் பிடிக்கிறது.

குறுக்குசால்:

ஃபிரேசர் ஓகே. சட்டையைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. கார்க்காரர்கள் விஷயம் எனக்குப் புதிது, அந்தப் பழைய பாட்டுகளில் எதைக் கேட்கலாம் என்று வினைல்பித்து தனியாக ஒரு திரி தொடங்கினால் வந்து சண்டை போடுகிறேன்.